மேவிஸின் திராட்சை கேக்

கிளெனிஸ் சுற்றுமுற்றும் பார்த்தாள். யாருமில்லை என்று நினைத்து, மேவிஸின் மாவுக் கிண்ணத்தில் எதையோ ஊற்றி அவசரமாகக் கலக்கினாள்.

வாசலில் நின்ற நோரீனுக்குச் சுருக்கென்றது. குவீன்ஸ்லாந்தின் அந்தச் சிறிய ஊரில் வருஷா வருஷம் நடக்கும் கேக் போட்டிக்கு, சமையலறைப் பொறுப்பு அவளுடையது. மேவிஸ் அப்போதுதான் கேக் டின்னைக் கழுவ வெளியே போயிருந்தாள்.

எட்டிப் பார்த்தால், மாவு உஸ்ஸென்று நுரைத்துக்கொண்டிருந்தது.

"என்னத்தை ஊத்தினே?"

"எலுமிச்சம்பழச் சாறு."

"எப்பவும் முதல் பரிசு அவளுக்கு, ரெண்டாவது உனக்கு. அதுக்காக அவ கேக்கைக் கெடுப்பியா?"

கிளெனிஸ் மறுக்கவில்லை. போட்டியிலிருந்து தன் பெயரை அடித்துவிடச் சொன்னாள். "மேவிஸ் காதுக்கு மட்டும் இது போகவேண்டாம், நோரீன்."

செய்வதையும் செய்துவிட்டுப் பேச்சைப் பார் என்று நோரீனுக்கு எரிச்சல். வேறு மாவு கலக்கச் சொல்லலாம் என்று திரும்புவதற்குள் மேவிஸ் உள்ளே வந்து, பாட்டை முனகியபடி மாவை டின்னில் ஊற்றி அடுப்புக்குள் தள்ளிவிட்டாள்.

கேக் கும்மென்று எழுந்தது. நடுவர் ஒரு துண்டு தின்றுவிட்டு, வெட்கப்படாமல் இன்னொன்று கேட்டு வாங்கினார். முதல் பரிசான நீல ரிப்பன் மேவிஸுக்கே.

நோரீனுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. சமையலறையை ஒழிக்கும்போது ஃபிரிட்ஜைத் திறந்தாள். மேவிஸ் வீட்டிலிருந்து கொண்டுவந்த புளித்த பால், மூடிகூடத் திறக்காமல் இருந்தது. பக்கத்திலிருந்த சாதாப் பால்தான் குறைந்திருந்தது; மேவிஸ் மாவில் ஊற்றியது அதைத்தான்.

மாவில் சமையல் சோடா இருக்கிறது, புளிப்பு இல்லை. புளிப்பு சேர்ந்தால்தானே சோடா பொங்கும்? இல்லையென்றால் கேக் சப்பட்டையாகக் கிடக்கும். கடித்தால் சோப்பு வாடை.

நோரீன் வெளியே ஓடினாள். கிளெனிஸ் தன் வண்டியின் பின்பக்கம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, போட்டிக்கு வைக்காத கேக்கைத் தானே தின்றுகொண்டிருந்தாள். நோரீன் மன்னிப்புக் கேட்டாள். அவள் அதைக் கையசைத்துத் தள்ளிவிட்டு ஒரு துண்டை நீட்டினாள்.

"என்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

"சொன்னா நீ போய் அவகிட்ட கேட்பே. மறதி வந்துடுச்சோன்னு அவளே பயந்துட்டிருக்கா. எல்லார் முன்னாடியும் கேக் சப்பையா வந்தா ஒடிஞ்சு போயிடுவா."

"ஆனா இந்த வருஷம் நீ ஜெயிச்சிருப்பியே."

கிளெனிஸ் வாய் நிறைய கேக்கோடு சிரித்தாள்.

"போன வருஷமும்தான் ஜெயிச்சிருப்பேன். அப்போ சோடா போடவே மறந்துட்டா, நான் போட்டேன். அதுக்கு முந்தின வருஷம், மகராசி அடுப்பையே பத்த வைக்கலை!"