ஆண் எலிகள்

"முடிவு தெரிஞ்சிருச்சாம்மா?" பேயாண்டி ஆய்வுக்கூட வாசலிலேயே நின்று கேட்டார்.

நாகமணி மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிரவில்லை. "இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்குண்ணே. நாளைக்குச் சொல்றேன்."

பொய். முடிவு காலையிலேயே தெரிந்துவிட்டது.

1981-இல் மதுரையில் இருந்த ஒரு கல்லூரி அது. எலிகளுக்குத் தீனி போட்டுக் கூண்டு கழுவும் வேலைக்குப் பேயாண்டி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. உசிலம்பட்டிப் பக்கத்து ஆள். தோல் செதில் செதிலாக உரியும் நோய்க்கு அவர் வருடக்கணக்காகச் சாப்பிடும் மாத்திரையைத்தான் நாகமணி ஆண் எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தாள். தகப்பன் தின்ற மருந்து பிள்ளையைத் தாக்குமா என்பதுதான் கேள்வி.

அவற்றோடு சேர்த்துவிட்ட பெண் எலிகளுக்கு மருந்தே கொடுக்கவில்லை. ஆனாலும் அறுத்துப் பார்த்தபோது பாதிக் கருக்கள் வயிற்றிலேயே செத்திருந்தன.

"நாளைக்கு ஆகாதும்மா. வீட்டுல எனக்குப் பொண்ணு பாத்துட்டாங்க. இன்னைக்குச் சாயங்காலம் பூ வச்சு உறுதி பண்ணப் போறாங்க. அதுக்குள்ள தெரியணும்."

நோயால் இந்த மனிதருக்குக் கல்யாணம் தள்ளிப்போயிருக்க வேண்டும். இப்போதுதான் ஒரு நல்லது கூடி வருகிறது. ஆனால் மறைத்தால் வரப்போகிறவளுக்குச் செய்யும் பாவம். ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்கண்ணே. எலிக்கு வந்தது மனுசனுக்கும் வரும்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இந்த மாத்திரை ஆம்பளையோட விந்தணுவைக் கெடுக்குது. பொம்பளை நல்லா இருந்தாலும் கரு தங்காமப் போகலாம். டாக்டர்கிட்டச் சொல்லி மாத்திரையை மாத்திட்டா, கொஞ்ச மாசத்துல சரியாக வாய்ப்பிருக்கு. மனசை விட்றாதீங்க."

பேயாண்டி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. நாகமணி பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

துண்டை விலக்கியபோது, கண்ணீரோடு அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இதை எங்க ஊருக்கு வந்து ஒருக்கா சொல்லுவீங்களாம்மா? உண்டானதெல்லாம் கலைஞ்சுபோச்சுன்னு எம்பொண்டாட்டி இருளாயியைப் பஞ்சாயத்துல தீத்துவிட்டு அவ அப்பன் வீட்டுக்கு அனுப்பிட்டு, எனக்கு ரெண்டாவது கட்டப் பாக்குறாங்க. குத்தம் அவ மேல இல்ல, எம்மேலன்னு நான் சொன்னா ஒருத்தரும் கேக்க மாட்டேங்குறாங்க."