விசாரிக்காமல் ஒரு தடை

"வரிசையா தோக்கறது பதினொரு பேரு. தடை மட்டும் ரெண்டு பேருக்கா?" கிரிக்கெட் ஓடிய டிவி முன்னால் கொதித்தான் சதீஷ். "ராத்திரி டீம் தங்கற ஓட்டலுக்கு லேட்டா வந்தாங்களாம். கூப்பிட்டு ஒரு வார்த்தை விசாரிக்க வேண்டாமாக்கா?"

"அந்தப் பசங்க ஊட்டுல எத்தனை சங்கடமா இருக்கும்" என்றாள் அவன் அக்கா மாரீஸ்வரி.

பக்கத்து வீட்டு ரங்கசாமி சோபாவில் காலை மடித்து உட்கார்ந்தார். "பேட்டிங் சரியில்ல, பவுலிங் சரியில்ல. அதைச் சொல்ல முடியுமுங்களா? பழி போட ஆள் வேணும். சிக்குனவனைப் புடிச்சு வெளிய தள்ளிட்டாங்க."

கட்டுத்தறியிலிருந்து மாட்டின் கழுத்து மணியோடு ஒரு குரல் கேட்டது. "ஸ்கோர் எத்தனைங்க?"

"ரெண்டு விக்கெட்டுதான் போயிருக்குது. நீங்க மொதல்ல பாலைக் கறங்க" என்றாள் மாரீஸ்வரி.

"கறந்தாச்சு. பால் சொசைட்டிக்குப் போறதுக்குள்ள ஒரே ஒரு ஓவர் பாத்துக்கறேன்."

பால் கேனோடு அந்த ஆள் வாசலில் கால் வைத்தார். டிவியில் ஸ்டம்ப் பறந்தது.

மூன்று பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள்.

"நீங்க பாத்தாலே விக்கெட் உழுகுது. மேட்ச் நடக்கறப்ப உள்ள வராதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று அவரை வெளியே தள்ளிக் கதவைத் தாழிட்டான் சதீஷ்.

"நான் எட்டியே பாக்காத மேட்சும் தோத்தாங்களே, அதை யாராச்சும் விசாரிச்சீங்களா?" கதவு படபடவென்று தட்டப்பட்டது. "மாரீஸ்வரி, கதவைத் தொற புள்ள. இது என்ற ஊடு. அது என்ற டிவி."

உள்ளே கைதட்டல் கேட்டது.

"கொஞ்சம் அங்கயே நில்லுங்க மச்சான்" என்றான் சதீஷ். "நீங்க வெளிய போனதும் சிக்ஸர்."