நாலு நிமிஷம்

"எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு டீச்சர். நீங்க மட்டும்தான் பாக்கி."

ஹெச்.எம். அம்மா மனுவை நீட்டினார். ஆறு வருஷத்தில் ஆசிரியர்களுக்கு இரண்டு முறை சம்பளம் கூடியாகிவிட்டது. அட்டெண்டருக்கு மட்டும் அதே பழைய சம்பளம். ஆசிரியர்கள் அத்தனை பேரும் சிபாரிசு செய்தால் நிர்வாகம் யோசிக்குமாம். பெரிய மனசுதான்!

கெமிஸ்ட்ரி டீச்சர் பேனாவைத் தொடவே இல்லை.

"மேடம், லேப் கடிகாரத்தைப் பாருங்க. ஒன்பது மணி பெல்லை தினம் ஒன்பது நாலுக்கு அடிக்கறார். இதுக்குச் சம்பளம் வேற ஏத்தணுமா?"

வாசலில் நின்ற அட்டெண்டர் காதைச் சொறிந்தார்.

"என்னங்க, நிஜமா?" என்றார் ஹெச்.எம்.

"ஆமாங்கம்மா. வயசாச்சில்லீங்களா... நாளையிலேர்ந்து சரியா அடிச்சிடறேன்."

"அடிங்க, அப்புறம் பார்க்கலாம். நான் ஒரு நாளாவது பெல்லுக்குப் பிறகு வந்திருக்கேனா?" டீச்சர் விறைப்பாக எழுந்து போனார்.

மறுநாள் குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு, வழக்கம்போல ஸ்கூட்டரை விரட்டினார். தெருமுனை திரும்பும் முன்பே மணி கணீரென்று கேட்டது.

மணி அடித்ததும் வருகைப் பதிவேடு ஹெச்.எம். மேஜைக்குப் போய்விடும். பிறகு வந்தால் சிவப்பு மை. மூன்று சிவப்புக்கு ஒரு நாள் சம்பளம் காலி.

வண்டியை நிறுத்திவிட்டு வாட்சைப் பார்த்தார். ஒன்பது நாலு. தினமும் வரும் அதே நேரம்தான்.

மாடிப்படி அருகே அட்டெண்டர் நின்றிருந்தார்.

"இத்தனை நாளா என் வண்டி உள்ளே வந்தப்புறம்தான் அடிச்சீங்களா?"

"காப்பகத்தையே எட்டே முக்காலுக்குத்தானே திறக்கறாங்க? கைக்குழந்தைக்காரங்க, பறந்தா வர முடியும்?"

"நேத்தே சொல்லியிருக்கலாமே!"

"ஹெச்.எம். எதிர்லயா? நல்லா இருக்கே!"

டீச்சருக்கு வெட்கத்தில் அழுகையே வந்துவிட்டது. "அந்த மனுவைக் கொண்டு வாங்கண்ணே. இப்பவே போடறேன்."

"அது கிடக்கட்டும். முதல்ல இதுல போடுங்க." அக்குளில் இடுக்கியிருந்த பதிவேட்டை எடுத்து நீட்டினார்.

"இது இன்னும் மேஜைக்குப் போகலையா?"

"மணியை மட்டும்தானே டீச்சர் நேரத்துக்கு அடிக்கச் சொன்னீங்க?"