ஏத்தி வச்ச வேகம்

"எவனோ ஒரு கேடுகெட்டவன் இதுல கை வச்சிருக்கான் பாய். யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. மீதியை நான் பாத்துக்கறேன்."

செல்வநாயகி லேப்டாப்பை மேசைமேல் வைத்த வேகத்தில், ஜமால் முகம்மதுவின் டீ கிளாஸ் ஒரு துள்ளு துள்ளியது.

விருத்தாசலத்தில் அந்த அம்மாளிடம் பேரம் பேசி ஜெயித்தவர் யாரும் கிடையாது. பீங்கான் ஃபியூஸ் கட்டை சுடும் சூளை வைத்து, களிமண் லாரிக்காரனிலிருந்து கரண்ட் ஆபீஸ்காரர் வரை எல்லோரையும் கத்தியே வழிக்குக் கொண்டுவந்தவள். ஒருமுறை ஜமாலின் கம்ப்யூட்டர் கடைக்கு மவுஸ் வாங்க வந்தாள். பேசிப் பேசி மனிதருக்குத் தொண்டை வறண்டு, ஆளை விட்டால் போதும் என்று அசல் விலைக்கே கொடுத்தார். போகிறபோது மவுஸ் பேடையும் கொசுறாக எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் பின்னால் மகள் துர்கா துணிப்பையோடு நின்றாள். கல்யாணமாகி இன்னும் தலைதீபாவளிகூட வரவில்லை.

"மருமகனுக்குச் சீரா குடுத்தது பாய். கொஞ்ச நேரம் ஓடினா அணைஞ்சிடுது. சம்பந்தியம்மா என்ன சொல்லிச்சு தெரியுமா? 'இந்த ஓட்டைப் பெட்டியைக் குடுத்த எடத்துலயே கொண்டு போயிக் குடு. அது சரியானதும் நீ வந்தா போதும்'னு கம்மாபுரத்துலேர்ந்து பொண்ணை பஸ்ஸு ஏத்தி வுட்டுட்டாங்க."

ஜமால் பட்டனை அழுத்தினார். ஃபேன் மாவு மில் மாதிரி அலறியது. அடியில் கை வைத்தவர் சட்டென்று எடுத்துக்கொண்டார். அணைவதற்குள் அவசர அவசரமாக நாலு இடத்தில் திறந்து பார்த்தார்.

"அக்கா, இது ஒண்ணேமுக்கால் கிகாஹெர்ட்ஸ் வேகத்துல ஓட வேண்டிய சில்லு. யாரோ ரெண்டுக்கு ஏத்தி, அதுக்குத் தோதா வோல்டேஜையும் கூட்டி வச்சிருக்காங்க. ஆன் பண்ணினதும் தானா ஏறிக்குது. தாங்காம படுத்துடுது."

"ஏத்தினா தாங்காதா?"

"சிலது தாங்கும், சிலது தாங்காது. கம்பெனியில ஒண்ணாத்தான் செய்யறாங்க. அப்புறம் சோதிச்சுப் பாத்து, தாங்கறதை ரெண்டுன்னு விப்பாங்க, தாங்காததை ஒண்ணேமுக்கால்னு விப்பாங்க. விலையும் அதுக்குத் தக்கன."

"இதை எனக்கே சொல்றீங்களா? ஒரே மண்ணு, ஒரே சூளை. ஆனாலும் தட்டிப் பாத்துத் தரம் பிரிக்கிறோமில்ல? ரெண்டாந்தரக் கட்டையில மோட்டார் லோடு குடுத்தா வெடிக்காம கொஞ்சுமா? தரத்தை மாத்திக் குடுக்கறவன்லாம் சோத்துல உப்புப் போட்டுத் திங்கிறவனா பாய்?"

ஜமால் தயங்கித் தயங்கித் துர்காவைப் பார்த்தார்.

"ஏத்தினது எங்க வூட்டுக்காரருதான் பாய்," என்றாள் துர்கா.

செல்வநாயகிக்குக் கேட்கவா வேண்டும். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"பாத்தீங்களா? அவங்க புள்ளையே கெடுத்துட்டு, பழியை எம்மேல போடறாங்க. இப்பவே கம்மாபுரம் போறேன். நடுத்தெருவுல நிக்க வச்சுக் கேக்கறேன். மருமகன்னு பாக்க மாட்டேன்."

"அவரு ஆசைப்பட்டு ஏத்தலம்மா. மேல ஸ்டிக்கர்ல ரெண்டுன்னு போட்டிருக்குது. உள்ள கம்மியா காட்டுது. மெஷின்ல ஏதோ கோளாறு, நீ ஆசையா வாங்கிக் குடுத்தது, சொன்னா உன் மனசு சங்கடப்படும்னு அவரே தேடிப் படிச்சு, ஸ்டிக்கர்ல உள்ள அளவுக்கு ஏத்தி வச்சாரு. அவங்கம்மா கிட்டகூட வாயத் தொறக்கல."

ஜமால் ஸ்டிக்கரை நகத்தால் நெம்பினார். சுலபமாக வந்துவிட்டது. அடியில் இன்னொரு ஸ்டிக்கரைக் கிழித்த பிசின் தடம்.

"யாரோ மாத்தி ஒட்டியிருக்காங்கக்கா."

"இதை வித்த மெட்ராஸு கடைக்காரனா இருக்கும்," என்றாள் செல்வநாயகி. குரல் அதுவரை இருந்த உயரத்தில் இல்லை.

கொதிக்கிற லேப்டாப் ஆறட்டும் என்று ஜமால் அதைக் கவிழ்த்து பேட்டரியைக் கழற்றினார். பேட்டரி இருந்த பள்ளத்தில், பிரஷ்ஷால் இழுத்த மாதிரி பச்சைப் பெயிண்ட்டில் ஒரு கோடு.

"இது என்னக்கா? கம்பெனியில இப்படியெல்லாம் பெயிண்ட் அடிக்க மாட்டாங்களே."

செல்வநாயகி வாசலைப் பார்த்தாள். "ஆட்டோக்காரன் காத்துக்கிட்டு இருக்கான் பாய். நாங்க போயிட்டு அப்புறமா வரோம். வாடி."

துர்கா நகரவில்லை. குனிந்து அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க சூளையில ரெண்டாந்தரத்துக்குப் போடற கோடு பாய். பாக்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்குமில்ல, முதல் தரத்தோட கலந்துடக் கூடாதுன்னு அடியில இழுத்து வைப்போம்." பிறகு அம்மா பக்கம் திரும்பினாள். "தம்பிக்கும் சேத்து ரெண்டு லேப்டாப்பு வாங்கினியேம்மா. அவனுதுல ஸ்டிக்கரே இல்ல. கேட்டதுக்கு, தானா உரிஞ்சிடுச்சுன்னு சொன்ன."

செல்வநாயகி கை நீட்டி, கோடு தெரியாதபடி லேப்டாப்பை நிமிர்த்தி வைத்தாள்.

ஜமால் தொண்டையைச் செருமினார். "வேகத்தைப் பழையபடி இறக்கி வச்சுடறேன்மா. நல்லா ஓடும். நீ எடுத்துக்கிட்டு ஊருக்குக் கெளம்பு."

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம் பாய்." துர்கா துணிப்பையைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். "இந்தக் கோட்டை இழுத்தவங்க யாரோ, அவங்களே தம்பியோடதை எடுத்துக்கிட்டு கம்மாபுரம் வரட்டும். எங்க வூட்டுக்காரரு கையில குடுத்து, எங்க மாமியாருக்கும் கேக்கற மாதிரி நடந்ததைச் சொல்லட்டும். அப்பத்தான் நான் பஸ்ஸு ஏறுவேன்."