இன்னும் கொஞ்சம் கோபம்

“பொய்ச் சாட்சி சொல்லி என் அண்ணன ஜெயிலுக்கு அனுப்பிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி என் கூடவே குடும்பம் நடத்துனியேடா, பாவி!”

அவள் கத்திய கத்தலில் கழுத்து நரம்பு புடைத்தது. கேட்டுக்கொண்டிருந்தவன் பிஸ்கட்டைக் கடித்தபடியே, “பத்தல. இன்னும் கொஞ்சம் கோபம் வேணும்” என்றான்.

தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம், இருட்டறையில், மைக்குக்கு முன்னால் அவள். இந்தப் பக்கம், சவுண்ட் இன்ஜினியருக்கு அருகில் காலை நீட்டிக்கொண்டு இளம் இயக்குநர். திரையில் உதட்டை அசைக்கும் கதாநாயகிக்குத் தமிழ் சுட்டுப்போட்டாலும் வராது. அதனால்தான் இந்த இரவல் குரல்.

பாட்டு வீடியோ எடுத்தே உச்சாணிக் கொம்பில் ஏறி உட்கார்ந்தவன் அவன். ‘மூணு நிமிஷம்’ என்று பட்டப்பெயரைச் சொன்னால்தான் தொழிலில் ஆளைத் தெரியும். இப்போது முதல் படம். ‘கதை, இயக்கம்’ இரண்டுக்கும் தன் பெயரையே போட்டுக்கொண்டான். அறைக்குள்ளும் கழற்றாத கறுப்புக் கண்ணாடி வேறு. உள்ளே கண் விழித்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று பெற்ற தாய்க்கே தெரியாது.

நேற்று தெரிந்தவர்களுக்குப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். முதல் பாதிக்குக் கைதட்டல். இரண்டாம் பாதியில் பாட்டுக்கு மேல் பாட்டு, கொட்டாவிக்கு மேல் கொட்டாவி. கடைசியில் புருஷனைப் பார்த்து நாயகி, “உன்ன மன்னிச்சுட்டேன்” என்றதும் அரங்கமே சிரித்தது.

தயாரிப்பாளருக்கு வயிறு எரிந்தது. “ஏன்யா, அந்தக் கல்யாண சீன்ல பொண்ணு ஒரு தடவகூடச் சிரிக்கலையே, ஏன்?”

“அது... ஒரு ஸ்டைல் சார்.”

“உன் ஸ்டைல்ல இடி விழ! நாளைக்குள்ள கடைசி சீன் தேறணும். இல்லன்னா வேற டைரக்டர வெச்சு எடுத்துக்குவேன். போஸ்டர்ல உன் பேரே இருக்காது. போய்ப் பழையபடி பாட்டு எடு!”

அங்கே வாலைச் சுருட்டிக்கொண்டு வந்தவன், இங்கே ஒரு பெண்ணிடம் நிமிர்த்தினான். காலையிலிருந்து அதே வசனத்தைத் திரும்பத் திரும்பக் கத்த வைத்தான். அவள் குரல் கம்மத் தொடங்கியது. அவன் பிஸ்கட் பாக்கெட்தான் தீர்ந்தது, மனசு நிறையவில்லை.

“யாருண்ணே இதக் கூட்டிட்டு வந்தது? எப்பவும் பேசுறவங்க எங்க?” என்று இன்ஜினியரிடம் எரிந்து விழுந்தான்.

“அவங்கதான் வர்றதா இருந்துச்சு தம்பி. இந்தப் பொண்ணு தானா வந்து, இந்தப் படத்துக்கு நான்தான் பேசுவேன்னு ஒத்தக் கால்ல நின்னுச்சு.”

“நின்னா ஆச்சா?” மைக்கைத் தன் பக்கம் இழுத்தான். “ஏம்மா, நீ சோத்துல உப்புப் போட்டுத்தான் சாப்பிடறியா? ஒருத்தன் உன் முதுகுல குத்தியிருக்கான். அவனப் பாத்தா எப்படி எரியும்? அந்த எரிச்சல் வரணும்!”

“புரியுது சார்” என்றாள். கையிலிருந்த வசனத் தாளைக் கீழே வைத்தாள்.

“கடைசி வசனத்துக்குப் போவோம். மன்னிச்சுட்டேன்னு சொல்லு. ஆனா ஒருத்தன் சிரிக்கக் கூடாது.”

“இவ மன்னிக்க மாட்டா சார்.”

“என்னது?” அவன் எழுந்தே விட்டான். “கதை என்னுது! அவ மன்னிப்பாளா மாட்டாளான்னு நீ யாரு சொல்றதுக்கு? வந்தமா, பேசுனமா, போனமான்னு இரு!”

“அந்த ஷாட்ல அவ கதவப் பாத்துத் திரும்பி நிக்கறா. முதுகுதான் தெரியுது. உதடு தெரியாத இடத்துல எந்த வசனத்தையும் பேசலாமே. ஒரே ஒரு டேக் குடுங்க.”

ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம் என்று இன்ஜினியர் முணுமுணுத்தார். ஆனாலும் பொத்தானை அழுத்திவிட்டார்.

திரையில் நாயகி திரும்பி நின்றாள். இந்தத் தடவை கத்தல் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வந்தது குரல்.

“பொய்ச் சாட்சி நீதான்னு கல்யாணத்துக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்டா. தெரிஞ்சேதான் உன்னக் கட்டிக்கிட்டேன், உன் வாயாலயே உண்மைய வரவைக்க. வந்துடுச்சு. வெளிய போலீஸ் நிக்குது.”

நாயகி கதவைத் திறந்தாள். படம் முடிந்தது.

“ஆத்தாடி!” என்றார் இன்ஜினியர். “அதான் கல்யாணத்துல அவ சிரிக்கலையா? இப்பல்ல விளங்குது!”

இயக்குநர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வீசினான். படம் பிழைத்துவிட்டது. போஸ்டரில் பெயர் நின்றுவிட்டது. சந்தோஷத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு இருட்டறைக்குள்ளேயே ஓடினான்.

“ஓகேம்மா! டேக் ஓகே! என் கதை, எனக்கே இது தோணலையே! எங்கேருந்து புடிச்ச?”

அவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெளிச்சத்துக்கு வந்தாள். அப்போதுதான் அந்த முகத்தை அவன் நேராகப் பார்த்தான். காலையிலிருந்து அவன் கேட்ட கோபம் மொத்தமும் அதில் இருந்தது.

“போன வருஷம் உங்க ஆபீஸ்ல உக்காந்து இந்தக் கதைய நான் சொன்னப்ப, இடைவேளையோட தூங்கிட்டீங்க சார்.”