எதையும் தொடாதீங்க, மாமா!

“உங்க மாமா இந்த ரூமுக்குள்ளயே வரக்கூடாதுடா. அதுக்கு என்னென்ன சாமான் வேணுமோ எல்லாத்தையும் வாங்கிப் போடு” என்றாள் அக்கா.

தம்பிக்குச் சிரிப்பு வந்தது. நேரலை ஒளிபரப்புக்குக் கேமராவும் மைக்கும் அமைத்துக் கொடுப்பதுதான் அவன் தொழில். ஆனால், கட்டின புருஷனை வெளியே நிறுத்துவதற்காகச் சாமான் கேட்டவள் அக்கா ஒருத்திதான்.

அவளையும் குறை சொல்ல முடியாது. ஆறு மாதமாக வீட்டிலிருந்தபடியே இணையத்தில் நேரலையாகத் தையல் சொல்லிக் கொடுக்கிறாள். போனைப் பிடித்துக்கொண்டு நிற்பது மாமா. அவரிடம் போனைக் கொடுத்தால் குரங்கு கையில் பூமாலைதான். ஒரு நாள் போனைக் கீழே போட்டார். ஒரு நாள் ஃபேனைப் போட்டு, வெட்டி வைத்த துணியையெல்லாம் பறக்கவிட்டார். இன்னொரு நாள் அக்காவை விட்டுவிட்டுச் சுவர்க் காலண்டரைப் படம் பிடித்தார். அத்தனை தடவையும் அக்கா அவரைத் திட்டியது ஊருக்கே கேட்டது.

“மூக்குக்கண்ணாடிக் கடையில எள்ளு சைஸ் திருகை மாட்டுற மனுஷன்டா! வீட்டுக்கு வந்தா மட்டும் அந்தக் கை எங்க போகுதோ?”

மாமா வாசற்படியில் நின்று, வேறு யாரையோ சொல்வது போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இன்று விளையாட்டில்லை. ஒரு தையல் பயிற்சிப் பள்ளி அக்காவின் வகுப்பைப் பார்க்கப்போகிறது. முந்நூறு பேர். பிடித்துவிட்டால் வாராவாரம் அவள்தான் டீச்சர். சொதப்பினால் திரும்பக் கூப்பிட மாட்டார்கள்.

தம்பி பார்த்துப் பார்த்து வாங்கியிருந்தான். முகத்துக்கு ஒரு கேமரா, வெட்டும் மேசைக்கு நேர் மேலே இன்னொன்று. தையல் மெஷின் சத்தம் அக்காவின் குரலை அமுக்கிவிடாமல் இருக்கச் சட்டையில் குத்திக்கொள்ளும் மைக். வைஃபையை நம்பாமல் மாடியிலிருந்து வயர் இழுத்தான். ஸ்டாண்டில் ஒரு வட்ட லைட்டை மாட்டி, அது தலை சாயாமல் இருக்கத் திருகைப் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினான்.

“ஏன் மாப்ள, இதுல எது ரொம்ப முக்கியம்? கேமராவா?” என்றார் மாமா.

“மைக்தான் மாமா. படம் கொஞ்சம் மங்கினாக்கூடப் பொறுத்துப்பாங்க. சத்தம் வரலன்னா எழுந்து போயிடுவாங்க.”

“சத்தம் வரணும். நானும் அதைத்தான் நெனச்சேன்.”

“நீங்க ஒண்ணும் நெனைக்க வேணாம். இப்படி வாசற்படியிலயே உக்காருங்க. எதையும் தொடாதீங்க, மாமா!”

மாமா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

நான்கு மணி. கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. தம்பி கையைக் காட்டினான்.

“எல்லாருக்கும் வணக்கம்...” என்றாள் அக்கா.

அவ்வளவுதான். கையில் கத்தரிக்கோல் அப்படியே நின்றது. உதடு அசைந்தது, பேச்சு வரவில்லை. பத்து விநாடி. இருபது விநாடி. தம்பி அவளைப் பார்த்துக் கையை ஆட்டினான். ‘பேசுக்கா, பேசு’ என்று வாயசைத்தான். அவள் அழுதுவிடுவாள் போலிருந்தது. திரையில் பார்க்கிறவர்களின் எண்ணிக்கை முந்நூறிலிருந்து இருநூற்றெண்பதாக இறங்கியது.

மாமா எழுந்தார். சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஸ்டாண்டை ஒட்டிப் போய் நின்றார். அக்காவையே பார்த்துக்கொண்டிருந்த தம்பி திரும்புவதற்குள் வட்ட லைட் தலை குப்புறத் தொங்கியது. சொம்புத் தண்ணீர் பாதி தரையில்.

“ஐயோ, இந்த மனுஷன் இருக்காரே!” அக்காவின் குரல் கணீரென்று வந்தது. “உங்களை யாரு உள்ள வரச் சொன்னது? காலர் கோணினாலாவது பிரிச்சுத் தைக்கலாம். உங்களை எங்க போய்ப் பிரிச்சுத் தைக்கிறது?”

மாமா தலையைக் குனிந்துகொண்டார். தம்பி ஓடிப்போய் லைட்டைக் கையால் தாங்கிப் பிடித்தான்.

“காலர்னு சொன்னதும் ஞாபகம் வருது. இங்க பாருங்கம்மா, எல்லாரும் கோட்டை விடுற இடம் இந்த நுனிதான். இங்க ஒரு தையல் குறைச்சுப் போடணும், ஏன்னா...”

அப்புறம் அவளை நிறுத்த ஆளில்லை. சாக்குக்கட்டி கோடு போட்டது, கத்தரி ஓடியது, மெஷின் பாடியது. ஒரு மணி நேரமும் தம்பி லைட்டைத் தாங்கியபடி சிலையாக நின்றான். முடியும்போது முந்நூற்று நாற்பது பேர். ‘அடுத்த வாரமும் நீங்கதான் டீச்சர்’ என்று பள்ளியிலிருந்து செய்தி வந்தது.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே, “அப்பவும் உங்க மாமா கெடுக்கப் பார்த்தார் பாரு!” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

தம்பிக்குக் கை வலியும் கோபமும் ஒன்றாகச் சேர்ந்தன.

“ஏன் மாமா, சும்மா உக்காரக்கூட உங்களுக்குத் தெரியாதா?”

கேட்டுக்கொண்டே ஸ்டாண்டைப் பார்த்தான். லைட் சாய்ந்த இடத்தில் திருகையே காணோம். பல்லைக் கடித்துக்கொண்டு அவன் முறுக்கிய திருகு, இடித்ததில் கழன்று விழுந்திருக்க வழியே இல்லை.

மாமா சட்டைப் பைக்குள் கைவிட்டார். திருகை எடுத்து, அவன் உள்ளங்கையில் வைத்தார். எள்ளு சைஸ் திருகை மாட்டும் அதே கைதான்.

“நாலு பேரைப் பார்த்தா உங்கக்காவுக்கு நாக்கு ஒட்டிக்கும் மாப்ள. கல்யாணம் ஆன நாள்லேருந்து பார்க்கிறேன். என்னைத் திட்டுறதுக்கு மட்டும் தங்குதடையில்லாம வரும்; திட்ட ஆரம்பிச்சிட்டா மத்ததெல்லாம் பின்னாலயே வந்துடும்” என்றவர், உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அடுத்த வாரம் இதைக் கொஞ்சம் லூசாவே விட்டுவை. இன்னைக்குக் கழட்டுறதுக்குள்ள அவ அழுதுடுவாளோன்னு பயந்தே போயிட்டேன்.”