நான்கு இண்டிகேட்டர், ஒரு பிரேக் லைட்

முன்னால் போகிறவனைப் பார்க்காதே, பின்னால் வருவதைப் பார் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஸ்கூட்டரின் கண்ணாடியில் ஒரு லாரி. அதற்குப் பின்னால் ஒரு மினி பஸ்.

லாரி விலகி முந்திப் போனது. பஸ் ஆள் ஏற்ற நின்றுவிட்டது.

மூச்சு விட்டாள்.

முன்னால் பைக்கில் அவள் கணவன் போய்க்கொண்டிருந்தான். வேகம் முப்பதைத் தாண்டவில்லை. எட்டு மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் வண்டியை ரோட்டில் எடுத்திருக்கிறான். மில்லில் இரண்டாவது ஷிப்ட். விஜயதசமியன்று வேலைக்குத் திரும்பட்டும் என்று நாள் பார்த்து அனுப்புகிறாள்.

அனுப்புகிறாள் என்று சும்மா சொல்வதுதான். மில் கேட் வரை பின்னாலேயே போகிறாள். எதிர்வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

எட்டு மாதத்துக்கு முன்னால் இதே பைபாஸில்தான் அவன் பிரேக் பிடித்தான். பின்னால் வந்த காருக்கு அது தெரியவில்லை. பழைய வண்டி, மங்கலான விளக்கு.

காலில் பிளேட் வைத்தார்கள்.

அன்றிலிருந்து அவளுக்குப் பயம். குக்கர் விசில் அடித்தாலும் தூக்கிவாரிப்போடுகிற பயம். வண்டியை விற்றுவிடலாம் என்றாள். மில் இருக்கிற பக்கம் பஸ் கிடையாது, அவன் ஒத்துக்கொள்ளவில்லை. அப்படியென்றால் விளக்கையாவது மாற்றுங்கள் என்றாள். அதற்குத் தலையாட்டினான். அவள் எதைச் சொன்னாலும் அவன் இப்போதெல்லாம் தலையாட்டிவிடுகிறான்.

மெக்கானிக்குக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேலை வாங்கினாள். பிரேக் லைட் புது எல்.இ.டி. இண்டிகேட்டர் நான்கும் புதிது. உச்சி வெயிலில் தெருமுனைக்கு நடந்துபோய் நின்று, அங்கிருந்து கையைக் காட்டினாள். வண்டியில் உட்கார்ந்திருந்த கணவன் பிரேக்கை மிதித்தான். சிவப்பு பளிச்சென்று தெரிந்தது.

அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

நேற்று ஆயுத பூஜை. வண்டியைக் கழுவித் துடைத்துத் திருநீற்றுப் பட்டை இழுத்தாள். ஹெட்லைட்டுக்கு ஒரு பொட்டு, நம்பர் பிளேட்டுக்கு ஒரு பொட்டு. வழக்கமாக அவ்வளவுதான். ஆனால் பின்பக்கத்தை ஒரு பொட்டோடு விட அவளுக்கு மனசு வரவில்லை. அடி விழுந்தது பின்னாலிருந்துதானே. இன்னும் ஒரு கிண்ணம் சந்தனம் குழைத்தாள். கும்பிட்டுக்கொண்டே பூசினாள். பூசிய சந்தனத்தைத் துடைக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்பது அவள் பிறந்த வீட்டு வழக்கம்.

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மூன்று மணிக்கே எல்லா வண்டியும் விளக்கைப் போட்டுவிட்டன.

ஒரு லோடு வேன் ஹார்ன் அடித்தபடி அவளை முந்தியது. அவளுக்கும் அவனுக்கும் நடுவில் புகுந்தது.

அப்போதுதான் அவள் கண்ணாடியை விட்டு முன்னால் பார்த்தாள்.

மில்லுக்கு வலப்பக்கம் திரும்ப வேண்டும். வேனுக்கு அந்தப் பக்கம் அவன் நடுரோட்டுக்கு ஒதுங்குவது தெரிந்தது. வேகத்தைக் குறைக்கிறான்.

மஞ்சள் மின்னவில்லை.

சிவப்பு எரியவில்லை.

"ஏனுங்க!"

ஹெல்மெட்டுக்குள் அது எங்கே கேட்கும்.

டயர் தேய்கிற சத்தம். ரப்பர் கருகிய நாற்றம். ஸ்கூட்டரை எப்படி நிறுத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. இறங்கி ஓடினாள். கால் தரையில் பாவவில்லை.

வேனின் பம்பருக்கும் பைக்கின் பின்சக்கரத்துக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது.

அவன் உட்கார்ந்தபடியே இருந்தான். முழுசாக இருந்தான்.

வேன் டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"ஏப்பா, ஒரு லைட்டும் எரியலயேப்பா! உன்னயக் கொன்னுபோட்டு நான் ஜெயிலுக்குப் போகோணுமா?"

வேன் போன பிறகு அவன் பைக்கை ஓரமாகத் தள்ளி நிறுத்தி, மறுபடி ஏறி உட்கார்ந்தான். அவள் பின்னால் குத்தவைத்தாள்.

"பிரேக்க மிதிங்க."

மிதித்தான்.

காய்ந்த சந்தனத்தில் ஒரு மெல்லிய வெடிப்பு இருந்தது. அந்த வெடிப்பு மட்டும் சிவந்தது.

நகத்தால் சுரண்டினாள். திருநீறும் சந்தனமும் சேர்ந்து இறுகிப்போய், பெயர்ந்து பெயர்ந்து விழுந்தன. துப்பட்டாவில் எச்சில் தொட்டுத் தேய்த்தாள். சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. இடது இண்டிகேட்டரைச் சுரண்டினாள். வலதுக்குப் போனாள். அழுகை வந்தது. அதைத் துடைக்க நேரமில்லை.

அவன் ஹெல்மெட்டைக் கழற்றித் திரும்பிப் பார்த்தான்.

"காலைலயே பாத்தேன் அம்மிணி. தொடைக்கலாம்னு துணிகூட எடுத்தேன். நல்ல நாளும் அதுவுமா தொடச்சா நீ பயந்துக்குவியேன்னு உட்டுட்டேன்."

அவன் முகத்தில் கோபமே இல்லை.

இத்தனை நாள் லாரியைப் பார்த்துப் பயந்திருக்கிறாள். மழையைப் பார்த்து, மூன்று மணி இருட்டைப் பார்த்துப் பயந்திருக்கிறாள்.

இப்போது தன் கையைப் பார்த்தாள். நகக்கண் எல்லாம் சந்தனம். இவ்வளவு பயம் அவளுக்கு எதைப் பார்த்தும் வந்ததில்லை.

போதும் என்று அவள் இன்னும் சொல்லாததால், அவன் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை.